எடை குறைந்ததா, இல்லையா

பரோட்டா தின்றுகொண்டே எடையைக் குறைக்க முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். காலையில் நடக்கப் போகிற இடத்தில் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். முடியும் என்றுதான் சொல்கிறேன். பரோட்டா என்ன, பொரித்த கோழி, பர்கர், கோலா, எதைத் தின்றாலும் குறையும். உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாகத் தின்றால் போதும், முள் கீழே இறங்கும். உள்ளே போனது என்ன என்று எடை மெஷினுக்குத் தெரியாது. இதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். அடுத்து நான் சொல்ல வருவதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

அரசு மருத்துவமனைகளில் உணவியல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை வேளை என்று டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்து, சமையல்கூடத்தில் நின்று வாங்கி, வார்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. உத்தியோகத்தின் பிற்பாதி முழுக்க இந்த விருதுநகர் மாவட்டத்தில்தான் கழிந்தது. ஜனங்கள் எனக்கு வைத்த பெயர் கஞ்சி அம்மா. என்னிடம் வேலை பழகி இப்போது என் இடத்தில் இருக்கிற கவிதா போன மாதம் பேசினாள். சமையல்கூடத்தை எடுத்துவிட்டார்களாம். சாப்பாடு வெளியிலிருந்து டப்பாவில் வருகிறதாம், மூடியைப் பிரித்துப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறதாம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம், நல்லதாக நாலு அனுபவம் என்றாள். நல்லதாக நாலு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் வந்து முன்னால் நிற்கிறது.

மதுரையில் மனையியல் படித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் பயிற்சி. அங்கே சத்து அட்டவணைகளை மனப்பாடம் செய்தேன், வேறு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வேலை என்றால் என்ன என்று தெரிந்தது டாக்டர் சிவஞானத்தின் கீழே வந்த பிறகுதான்.

அவர் பொது மருத்துவப் பிரிவின் தலைமை டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான, சத்தம் போடாத மனிதர். வார்டுக்குப் போகும் முன்னால் சமையல்கூடத்துக்கு வருவார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, நோயாளிகளுக்கு வைக்கிற அதே நசுங்கின அலுமினியத் தட்டில் ஒரு கரண்டி வாங்கி நின்றபடியே சாப்பிடுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சரியில்லை என்றால் தட்டை மேடையில் வைத்துவிட்டு, “இதை உங்க வீட்டுல சாப்பிடுவீங்களா?” என்று கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து சமையல்காரர்கள் அரிசி களைந்த காலம் ஒன்று இருந்தது.

நோயாளியிடம் சாப்பாட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லாரும் சோறு, குழம்பு, காய் என்று சொல்லிவிடுவார்கள். மரியாதைக்குச் சொல்கிற பதில் அது. இன்றைக்கு எழுந்ததும் முதலில் வாயில் பட்டது என்ன என்று தொடங்கி, அங்கிருந்து பின்னால் போக வேண்டும். காப்பி என்றால் எதில் குடித்தீர்கள், டம்ளரிலா, கடைக் கிளாஸிலா? அதில் பால் இருந்ததா? என் மேசையில் சின்ன டம்ளர், பெரிய டம்ளர், குழம்புக் கரண்டி, சோற்றுக் கரண்டி, கிண்ணங்கள் எல்லாம் வைத்திருப்பேன். எடுத்துக் காட்டச் சொல்வேன். குழம்பில் என்ன காய் போட்டீர்கள் என்பது ஒரு கேள்வி. அந்தக் காய் உங்கள் தட்டில் விழுந்ததா என்பது வேறு கேள்வி. கடைசியாக, வீட்டில் எல்லாருக்கும் பிறகு சாப்பிட்டது யார் என்று கேட்க வேண்டும். பெண்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ரத்தத்தில் எவ்வளவு இரும்பு இருக்கும் என்று டாக்டர் குத்துமதிப்பாகச் சொல்வார். லேப் ரிப்போர்ட் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும்.

ஆரம்ப வருஷங்களில் நான் பார்த்தது பசி. விருதுநகர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் பேர் போன ஊர். பருப்பு மூட்டை ஏற்றி இறக்குகிற ஒரு லோடுமேனின் மனைவி, தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டப் போகிறவள், நடக்க முடியாமல் வந்து சேர்ந்தாள். வீட்டில் பருப்பு வைத்து எத்தனை நாளாச்சு என்று அந்த மனிதரிடம் கேட்டேன். “அது கடைச் சரக்குல்லம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விவரம் தெரியவில்லையே என்று சொல்வது போலச் சொன்னார். அந்தக் காலத்துப் பசியோடு மல்லுக்கட்டுவது எனக்குப் பழகியிருந்தது. முருங்கைக்கீரை, கம்பு, குதிரைவாலி, மலிவான சின்ன மீன் என்று வழி சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். பணம் இருக்கிற வாரத்தில் செய்யவும் செய்வார்கள்.

பிறகு ரோடு வந்தது, வேன் வந்தது. விடியும் முன்னே பட்டாசுக் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். தூக்குவாளியில் சோறு கொண்டுபோனவர்கள் பார்சலுக்கு மாறினார்கள். சீசன் சமயத்தில் கையில் காசு புழங்கியது. எண்ணெயில் பொரித்த பரோட்டா எங்கள் ஊரில் எப்போதும் உண்டு, எப்போதாவது தின்பார்கள். அது தினப்படி ஆனது. கொஞ்ச வருஷத்தில் சிவகாசியில் பொரித்த கோழிக் கடைகளும் பர்கர் கடைகளும் கண்ணாடிக் கதவோடு வந்தன. நான் படிப்பில் பார்க்காத உடம்புகள் வரத் தொடங்கின. பார்த்தால் பருமன், பரிசோதித்தால் ரத்தசோகை. டாக்டர் சிவஞானம் ஒருநாள் அப்படி ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். “முன்னாடி சாப்பாடு இல்லாம வந்தாங்க. இப்ப சாப்பிட்டுட்டுப் பட்டினியா வர்றாங்க” என்றார்.

இனிதான் மாரீஸ்வரி.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர். அம்மா காளியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். மாரீஸ்வரிதான் அந்த வீட்டில் முதலில் காலேஜ் போனவள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். தாய்மாமன்தான் வீட்டுக்கு ஆண்துணை. அவர் கொண்டுவந்த வரன், பெண் பார்த்துவிட்டுப் போய், பொண்ணு கொஞ்சம் தடிமன் என்று சொல்லி அனுப்பிவிட்டது. அவள் ஒன்றும் பெரிய பருமன் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, மத்தியானம் பஃப்ஸ், சாயங்காலம் பார்சல். வீட்டில் ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட்டு, கொஞ்சம் நடந்திருந்தால் மெதுவாகக் குறைந்திருக்கும்.

மெதுவாக என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. பொரித்த கோழிக் கடை ஒன்றின் மாடியில் எடை குறைப்பு மையம் இருந்தது. இரண்டுக்கும் ஒரே முதலாளி. பிடித்ததைச் சாப்பிடுங்கள், எடையைக் குறையுங்கள் என்பது அவர்களுடைய விளம்பரம். கீழே கடையில் எதை வேண்டுமானாலும் வாங்கலாம், மேலே அவர்கள் சொல்லுகிற கலோரிக் கணக்குக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாரீஸ்வரிக்கு மத்தியானம் ஒரு பர்கரும் ஒரு கோலாவும். மற்ற நேரமெல்லாம் கறுப்புக் காப்பி, தண்ணீர். சனிக்கிழமை மாடிக்குப் போய் எடை பார்க்க வேண்டும்.

குறைந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். அச்சகத்தில் பாராட்டினார்கள், வேனில் கூட வருகிறவர்கள் பாராட்டினார்கள். மையத்துக்காரர் அவளுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாண்டு முன்னால் கட்டினார். அவளுக்கு அதற்கப்புறம் கட்டணம் இல்லை. வேறொரு வரன் வந்து பேசி முடித்தார்கள். தையில் கல்யாணம்.

மார்கழியில் வேனிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்தாள். மஞ்சள்காமாலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எலும்பு தெரிகிற அளவுக்கு இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. கண் ரப்பையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. வழக்கம்போல இன்றைக்கு முதலில் வாயில் பட்டது என்னம்மா என்று தொடங்கினேன்.

“அஞ்சு” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் என்ன என்று கேட்டேன். “நூத்திருவது” என்றாள். முந்தின ராத்திரி? “சைபர்.”

“கலோரிக் கணக்கக் கேக்கலம்மா. என்ன சாப்பிட்டேன்னு சொல்லு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொருளின் பெயரை ஞாபகப்படுத்திக்கொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது. நான் எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். சொல்ல வெட்கப்பட்டவர்கள் உண்டு, பொய் சொன்னவர்கள் உண்டு. சாப்பாடு மனசிலிருந்தே போய் வெறும் கணக்காக மிஞ்சிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கேட்கக் கேட்க விவரம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எடை இறங்குவது நின்றுபோயிருக்கிறது. பிறகு கொஞ்சம் ஏறவும் செய்திருக்கிறது. கணக்கைப் பாதியாக்கு என்று மையத்தில் சொன்னார்கள். பர்கரில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் குப்பையில் போட்டிருக்கிறாள். அப்படியும் எடை ஏறியிருக்கிறது. பிறகு அந்தப் பாதியிலும் பாதி. உண்மையில் ஏறினது கொழுப்பு இல்லை. சத்து இல்லாமல் உடம்பில் நீர் கோத்து, கால் வீங்கி, அந்த நீரின் எடை. பட்டினியால் வந்த வீக்கத்தைப் பார்த்து, தின்றது அதிகம் என்று இன்னும் பட்டினி கிடந்திருக்கிறாள்.

நான் ஓடிப்போய் டாக்டர் சிவஞானத்திடம் சொன்னேன். அவர் வந்ததும் முதலில் ஸ்டாண்டில் மாட்டத் தயாராக இருந்த குளுக்கோஸ் பாட்டிலை இறக்கச் சொன்னார். முதலில் பி1 வைட்டமின் ஊசி, அது போன பிறகுதான் மற்றது. வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவும் சர்க்கரையும் போனால், ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச உப்புச் சத்துகளையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். பொட்டாசியம் விழும், பாஸ்பரஸ் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். பட்டினியில் சாகாதவர்கள் பட்டினி தீர்க்கிற முதல் வாரத்தில் செத்துப்போவது இதனால்தான். டாக்டர் அவள் கை நாடியைப் பிடித்தபடி மெதுவாக எனக்கு அளவு சொன்னார். பாலில் கரைத்த கஞ்சி, சின்னக் கிண்ணத்தில் பாதி, இடைவெளி விட்டு விட்டு. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்ட வேண்டும். பசிக்கிறது என்று அவள் கேட்டாலும் கூட்டக் கூடாது.

காளியம்மாளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

“ரொம்ப நாளா சாப்பாடு போகாத உடம்பும்மா. ஒரேயடியாப் போட்டா இதயம் தாங்காது. நாங்க குடுக்கிறதத் தவிர நீங்க எதுவும் குடுத்துரக் கூடாது.”

“சரிங்கய்யா” என்றார் அந்த அம்மா. பிறகு, “தினமும் சோறு ஆக்கி வச்சேங்கய்யா. அவதான் தொட மாட்டா” என்றார்.

மறுநாள் மையத்துக்காரர் வந்தார். முப்பது வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஆப்பிள் பை. நோயாளியைப் பார்த்துவிட்டு நேரே என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கேஸ் ஷீட்டில் டயட்டால் வந்தது என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டாராம். அவர்களிடம் எத்தனையோ பேர் குறைத்திருக்கிறார்களாம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையாம். நான் அவள் சாப்பிட்டதைச் சொன்னேன். பருப்பு இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை, பால் இல்லை, ஒரு முட்டை இல்லை, எட்டு மாதமாக மைதாவும் எண்ணெயும் சர்க்கரைத் தண்ணீரும், அதிலும் கடைசியில் கால் வயிறு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மேடம், நீங்க படிச்சவங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எடை குறைஞ்சதா, இல்லையா?”

“குறைஞ்சது.”

“நாங்க அதுக்குத்தான காசு வாங்குனோம்.”

ஆப்பிள் பையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாரீஸ்வரி தேறிவந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மூன்றாம் நாள், கஞ்சிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டாள். அவளுக்குப் பசி திரும்பிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்குக் கொஞ்சம் கூட வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தாய்மாமன் வார்டில் சத்தம் போட்டதாக நர்ஸ் சொன்னாள். கல்யாணப் பொண்ணுக்குக் கிண்ணத்தில் பாதி கஞ்சி ஊத்துறீக, இதென்ன ஆஸ்பத்திரியா ஜெயிலா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கூப்பிட்டு அவருக்கும் விளக்கினார். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நான் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். மறுநாள் காலையில் மாரீஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. நாடி தாறுமாறாக ஓடியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வெளி லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் அதலபாதாளத்தில் இருந்தது. எங்கள் கஞ்சி அளவுக்கு அது அப்படி விழாது. டாக்டர் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். நான் வார்டுக்குப் போய் அவளுடைய காலிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். துணிப் பைக்குள் ஒரு தூக்குவாளி இருந்தது. சோற்றுப் பருக்கை, கருவாட்டுக் குழம்பு வாசனை. கிட்டத்தட்ட காலியாக இருந்தது.

மத்தியானத்துக்குள் மாரீஸ்வரி இறந்துபோனாள். அத்தனை மருந்து கொடுத்தும் இதயத் துடிப்பை நிலைப்படுத்த முடியவில்லை.

காளியம்மாள் வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. நான் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். என்ன நடந்தது என்பது இதோ இருக்கிறது என்றேன். கோபத்தில் அதை அவர் மேசைமேல் ஓங்கி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

“கழுவி அவங்க கையில குடுத்துருங்க” என்றார்.

“சார், நாளைக்கு நம்ம மேல பழி வரும்.”

“வரும். உண்மைய எழுதினா நமக்கு நல்லது. அந்தம்மா அதுக்கப்புறம் எப்படிம்மா இருப்பாங்க?”

நான் சமையல்கூடத்துக் குழாயில் அதைக் கழுவினேன். துடைத்துக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் சமையல்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பழி வந்தது. வந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தேறிவந்த பெண்ணைச் சோறு போடாமல் கொன்றுவிட்டார்கள் என்று ஊர் திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது. கலெக்டரிடம் மனு போனது. தாய்மாமன் முன்னால் நின்றார். மனு எழுதிக் கொடுத்ததும் ஆட்களுக்கு வேன் பிடித்துக் கொடுத்ததும் மையத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு முன்னால் அந்தப் பழைய ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு, அதே இடத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் இருந்ததும் அவர்கள் எடுத்த படம்தான். மெலிந்த பிறகு எடுத்தது. கீழே மூலையில் மையத்தின் பெயர்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் என்னைக் கேட்கும் முன்னால் டாக்டர் தன் விளக்கத்தைக் கொடுத்துவிட்டார். உணவின் அளவு முழுக்கத் தன்னுடைய உத்தரவு, உணவியல் அலுவலர் அதை நிறைவேற்றியவர் மட்டுமே என்று எழுதியிருந்தார். மருத்துவக் காரணத்தை வரி வரியாக விளக்கியிருந்தார். தூக்குவாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அளவு சரியா என்று பார்க்க வேண்டியவர்கள் சரிதான் என்றார்கள். ஆனாலும் ஊர் அடங்க வேண்டுமே. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்த மனிதரைத் தூர மாவட்டத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று காலையிலும் சமையல்கூடத்துக்கு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, தட்டில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. பயந்துபோய் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. போன இடத்திலேயே ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்தில் காலமானார்.

எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு தாயைக் காப்பாற்றினார். ஆனால் அந்த மௌனத்தில் மையத்துக்காரரும் தப்பித்துக்கொண்டார். மையத்துப் பட்டினியால் வந்த சாவு, ஆஸ்பத்திரிப் பட்டினியால் வந்த சாவு என்று ஆகிவிட்டது. கோழிக் கடை இப்போது விருதுநகரிலும் இருக்கிறது. மேலே மாடியும் இருக்கிறது. இப்போது போனிலேயே கணக்குச் சொல்கிறார்களாம்.

கவிதா போன் செய்தபோது இன்னொன்றும் கேட்டாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பெண்கள் குழுக் கூட்டம் ஒன்றில் சத்துணவு பற்றிப் பேச வேண்டும், வருகிறீர்களா என்று. அந்தப் பக்கம் நான் போயே வருஷக்கணக்காகிவிட்டது. போனேன். பட்டாசு வேலை முடிந்து வந்த பெண்கள், கையில் மருந்து நிறம் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். துவரையும் தட்டைப்பயறும் கம்பும் உங்கள் காட்டிலேயே விளைகிறது, பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நீங்களும் தின்னுங்கள், கடைசியில் மிஞ்சியதைத் தின்னாதீர்கள் என்று பேசினேன். கேட்டுக்கொண்டார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். முதல் வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, மக காலேஜ் படிக்கா, ஒடம்பு வச்சுக்கிட்டே போகுது, சீக்கிரமாக் கொறைக்க என்ன செய்யணும் என்று கேட்டாள். அடுத்தவளும் அதையேதான் கேட்டாள். சீக்கிரமாக என்ற வார்த்தையை இரண்டு பேருமே விடவில்லை.

கூட்டம் கலைந்து நான் ரோட்டோரம் காருக்காக நின்றபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் பேசத் தொடங்கியதும்தான் காளியம்மாள் என்று தெரிந்தது.

“நல்லாருக்கீகளாம்மா? என்னையத் தெரியுதா?”

தெரிகிறது என்றேன். அந்த டாக்டரய்யா இப்போது எங்கன இருக்கார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன்.

“மனுவுல எங்கிட்டக் கையெழுத்து வாங்குனாக. எந்தம்பி போடுன்னான், போட்டேன். போடும்போதே எனக்குத் தெரியும்மா. நீங்க அந்தத் தூக்குவாளியக் கழுவி எங்கையில குடுத்தீகள்ல, எஞ்சோறுதான்னு அப்பவே வெளங்கிருச்சு. சாவு விழுந்த எடத்துல யாரு ஏனத்தக் கழுவிக் குடுப்பா?”

இத்தனை வருஷமாக, அவருக்குத் தெரியக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காகவே ஒரு மனிதர் தன் நல்ல பெயரை இழந்தார். அந்த அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த மனுவில் கையெழுத்துப் போட்டு, தெரிந்தே பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

உங்கள் மேல் தப்பில்லை, பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போடாத தாய் உண்டா என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்பதற்காக வரவில்லை. கையை மெதுவாக ஆட்டி என்னை நிறுத்தினார்.

“எட்டு மாசமா எங்கையால ஒரு வாய் வாங்கலம்மா அவ. அன்னைக்குத்தான் வாங்கித் தின்னா. இன்னும் கொஞ்சம் வையின்னு கேட்டுக் கேட்டுத் தின்னா.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. நான் அதைப் பார்க்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.